நிழலில் எடுத்த கண்

வெள்ளிமலை,
6 ஜூலை 2025

அன்புத் தங்கை எழில்மதிக்கு,

அண்ணன் தெய்வசிகாமணி எழுதுவது. நானும் உன் அண்ணி மலர்விழியும் சோறு தண்ணிக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சேலத்து விடுதிச் சாம்பார் உனக்கு ஒத்துக்கொண்டதா, உடம்பு இளைக்காமல் இருக்கிறாயா என்று எழுது.

சங்கராபுரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்கு வந்து இன்றோடு இருபது நாள். தீனதயாளன் அய்யா இங்கே பருத்தி போட்டிருக்கிறார். மருந்து அடிக்கிற வேலை முழுக்க என்னுடையது. தை வரைக்கும் காட்டு ஓரத்தில் ஓலைக் கொட்டாயில்தான் ஜாகை. டவர் கிடையாது. பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், ஹலோ சொன்னதும் போய்விடும். உன் போனோ வார்டன் அலமாரியில் தூங்குகிறது. அதனால்தான் கடிதம். பத்தாவதில் தமிழில் எண்பத்தேழு எடுத்தவன் நான், எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் எழுது பார்ப்போம்.

உள்ளே ஒரு படம் வைத்திருக்கிறேன். பொறிவண்டு. பருத்தி இலை மேல் உட்கார்ந்து அசுவினிப் பூச்சியைத் தின்கிறது. முதுகில் எத்தனை புள்ளி, காலில் எத்தனை ரோமம் என்று எண்ணிப் பார். என்னுடைய பழைய போனில் எடுத்தது என்றால் நம்புவாயா? என்னோடு படித்த சிவசங்கர் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான் இல்லையா, அவன் ஒரு குட்டி லென்ஸ் கொடுத்தான். போனில் கிளிப் மாதிரி மாட்டிக்கொண்டு பூச்சிக்கு இரண்டு விரல் அளவு கிட்டே போக வேண்டும். விடிந்ததும் போனால் பூச்சி குளிரில் விறைத்துப்போய் நகராமல் இருக்கும். முழங்கையை முட்டியில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, கை ஒரு நூல் ஆடாமல் எடுக்க வேண்டும். ஆடினால் எல்லாம் போச்சு. அச்சுப் போட்டுக் கொடுத்ததும் சிவசங்கர்தான். பின்பக்கம் திருப்பிப் பார், கல்யாண ஆல்பம் மாதிரி முத்திரையும் போன் நம்பரும் குத்தியிருக்கிறான்.

படம் எடுத்த இரண்டு மணி நேரத்தில் அதே வரிசையில் மருந்து அடித்தேன். அசுவினிக்குத்தான் அடிக்கிறோம். மருந்து அசுவினி, பொறிவண்டு என்று பார்க்காது. உன் அண்ணி கேட்கிறாள், "காலைல போட்டோ புடிக்கிற, பத்து மணிக்குக் கொல்ற. இன்னா மனுசன்யா நீ?" சிரித்துவிட்டேன்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. அண்ணிக்கு மூன்று மாதம். மசக்கை அதிகம். மூன்று வருஷம் காத்திருந்து வந்தது, கொஞ்சம் ஆட்டத்தான் செய்யும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு பூச்சி அனுப்புவேன். நீ நன்றாகப் படி.

உன் அண்ணன்,
தெய்வசிகாமணி


சேலம்,
16 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன், சாம்பார்தான் சுகமில்லாமல் இருக்கிறது. நீயும் அண்ணியும் சுகம் என்று படித்ததும் மனசு நிறைந்தது. மூன்று மாதம் என்ற வரியை நாலு தடவை படித்தேன். அறைத்தோழி ஷாலினியிடம் காட்டி அழுதேன். அழுததை அண்ணியிடம் சொல், உன்னோடு வைத்துக்கொள்ளாதே.

பொறிவண்டை அலமாரிக் கதவுக்குள் ஒட்டியிருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் அது என்னைப் பார்க்கிறது. ஷாலினி, "இவ்ளோ பெரிசாவா இருக்கும்?" என்று பின்னால் நகர்ந்துவிட்டாள். மிளகு அளவுதான் என்று சொன்னால் நம்பவில்லை. எழுத்துப்பிழை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுது. கைக்கு உறை போடுகிறாயா? மூக்குக்கு என்ன கட்டுகிறாய்? மருந்து அடித்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும், குளிக்காமல் சாப்பிட உட்காரக் கூடாது. சிரிக்காதே, இரண்டாம் வருஷப் பாடத்தில் இருக்கிறது.

எந்தப் பூச்சி வேண்டுமானாலும் எடுத்து அனுப்பு. தும்பி மட்டும் வேண்டாம். எனக்குத் தும்பி பிடிக்காது.

அண்ணியைக் காலையில் வெறும் வயிற்றில் கொஞ்சம் பொரி சாப்பிடச் சொல். குமட்டல் அடங்கும்.

பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
எழில்


வெள்ளிமலை,
4 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

ஆடிப் பதினெட்டு நேற்று. மலையில் ஓடைத் தண்ணியில் தலை முழுகினோம், இன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதத்தில் நீ சுகமாக இருப்பது தெரிந்தது, வாய் முன்னைவிட நீண்டிருப்பதும் தெரிந்தது.

இந்த மாதம் கும்பிடுபூச்சி. முகத்தைப் பார், மூன்று மூலை. கண்ணுக்குள்ளே சின்னச் சின்ன அறை தெரிகிறதா? இதற்காக ஒன்றரை மணி நேரம் ஈர மண்ணில் குப்புறப் படுத்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தபோது எடுத்தேன். சிவசங்கர் இதைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கடைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டான், மணமகன் மணமகள் படங்களுக்கு நடுவே. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாகக் கூலி வேலை செய்கிறேன், நான் செய்த எதையும் ஒருவர் நின்று பார்த்ததில்லை.

மூக்குக்குத் துண்டு கட்டிக்கொள்கிறேன். கைக்கு உறை போட்டால் வேர்த்து வழுக்குகிறது. குளிக்காமல் சாப்பிடுவதில்லை. போதுமா, நர்சம்மா?

மலருக்கு மசக்கை விடவில்லை. பொரி தின்றாலும் வயிற்றில் நிற்பதில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறதாம், துப்பித் துப்பி அலுத்துப்போகிறாள். கொட்டாயில் தனியாகக் கிடந்தால் இன்னும் குமட்டுகிறது என்று என்னோடு காட்டுக்கு வந்துவிடுகிறாள். ஓடையிலிருந்து தண்ணி மொண்டு கொடுக்கிறாள், கூடப் பேச ஆள் இருப்பதால் எனக்கும் வேலை ஓடுகிறது.

அதென்ன தும்பி மேல் உனக்கு அவ்வளவு கோபம்? இங்கே ஓடைக்கரை முழுக்கத் தும்பிதான்.

அன்புடன்,
உன் அண்ணன்


சேலம்,
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே எழுதுகிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் எப்படி என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் யோசனை.

கும்பிடுபூச்சி அழகு. அதைப் பார்க்க அறைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது.

எங்களை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு விவசாயியைத் தூக்கிவந்தார்கள். மருந்து குடித்தவர் இல்லை, அடித்தவர். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில், வாந்தி. மூத்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "மொதல்ல கண்ணப் பாரும்மா" என்றார். கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இருட்டில் கூட விரியவில்லை. இந்த மருந்து உள்ளே போனால் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். அவர் மனைவி, "துண்டு கட்டிக்கினுதான் அடிச்சாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துண்டு மருந்தை உறிஞ்சி மூக்கோடு வைத்திருக்கும் அண்ணா, தடுக்காது.

உனக்குத் தலைவலி இருக்கிறதா? கை நடுங்குகிறதா? மறைக்காமல் எழுது. வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

அண்ணிக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடு. சிலருக்கு மசக்கை ஐந்து மாதம் வரை போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்.

உன் பதிலை எதிர்பார்த்து,
எழில்


வெள்ளிமலை,
14 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. நாங்கள் சௌக்கியம். உன் தேர்வு எப்படிப் போனது?

வேலை ஜாஸ்தி. பருத்தியில் காய் பிடிக்கிற நேரம், நாலு நாளைக்கு ஒரு தடவை அடிக்கச் சொல்கிறார் அய்யா. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கச்சிராயபாளையம் வரைக்கும் வளைவுதான்.

இந்தத் தடவை வெட்டுக்கிளி. கொஞ்சம் கலங்கலாக விழுந்துவிட்டது. மலையில் இப்போது ஒரே காற்று, இலை ஒரு இடத்தில் நிற்பதில்லை. அடுத்த மாதம் நல்லதாக அனுப்புகிறேன்.

மலருக்கு ஐந்து முடிந்தது. மசக்கை இன்னும் இருக்கிறது. பக்கத்துக் கொட்டாய் அம்மாசி சம்சாரம், "எனக்குப் பிரசவ நோவு எடுக்கிற வரைக்கும் வாந்திதான்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

அண்ணன்


சேலம்,
22 செப்டம்பர் 2025

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சௌக்கியம் என்று எழுதியிருப்பதை நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. வெட்டுக்கிளிப் படத்தை ஷாலினியின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இலை முனையில் ஒரு பனித்துளி தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்று அடித்தால் அது நிற்குமா? எப்போதோ விழுந்திருக்கும். இலை ஆடவில்லை அண்ணா. வெட்டுக்கிளியும் ஆடவில்லை. ஆடியது உன் கை.

பஸ்ஸில் எழுதினேன் என்கிறாய். கடிதத்தில் ஊர்ப்பெயரும் தேதியும் கூட அதே கோணல்தான். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே வளைவு வந்துவிட்டதா?

எனக்கு வேறு யாரும் இல்லை. அம்மா போன அன்று நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். நான் இருக்கிறேன் என்றாய். இருக்கிறேன் என்று சொன்னவன் இருக்க வேண்டும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

எழில்


வெள்ளிமலை,
5 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு உட்கார நேரமில்லை, ஸ்பிரேயரைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்கிறார். இருவரும் நலம். நீயும் நலமாயிருக்க மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம்.

ஆயுத பூஜை நல்லபடி நடந்தது. ஸ்பிரேயருக்கும் லென்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். லென்சுக்கு வைத்த சந்தனம் கண்ணாடியில் காய்ந்துபோய் அதைச் சுரண்ட ஒரு நாள் ஆயிற்று. பனித்துளியை வைத்துத் துப்பறிய வந்துவிட்டாய், உன்னை நர்சிங் படிக்க வைத்ததற்குப் போலீசில் சேர்த்திருக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். கை நன்றாக இருக்கிறதாம், கவலைப்படாமல் படிக்கச் சொல்கிறார்.

இப்படிக்கு அண்ணன், தெய்வசிகாமணி.

எழில், இனிமேல் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். நீ எழுதியது நிஜம். ஆவணியிலிருந்தே அவர் கை நடுங்குகிறது. காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். மருந்தை மூடியில் அளந்து ஊற்றும்போது பாதி கையிலும் காலிலும் சிந்துகிறது. "வுடுங்க, நான் ஊத்துறேன்"னு வாங்கிக்கொண்டேன். இப்போது அளப்பதும் டிரம்மில் கலக்குவதும் நான்தான், அடிப்பது மட்டும் அவர். அவர் மருந்தைத் தொடுவது அவ்வளவுக்குக் கம்மி. நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். நடுக்கத்துக்கு என்ன கொடுத்தால் நிற்கும் என்று மட்டும் எழுது. ஆனால் நான் சொன்னேன் என்று எழுதாதே. படம் எடுக்க முடியவில்லை என்று ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இருக்கும் எறும்புப் படம் நான் எடுத்தது. என் கை ஆடவில்லை, பார்.

மலர்


சேலம்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். எறும்புப் படம் மிக நன்றாக இருக்கிறது, மீசை வரைக்கும் தெரிகிறது. அண்ணியின் எழுத்தில் கை நிதானம் தெரிகிறது. அண்ணி உன் கூடவே காட்டுக்கு வரட்டும். கை வேலை எதையும் அவரிடம் கொடுத்துவிட்டு உன் கைக்கு ஓய்வு கொடு. அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நீ நன்றாக இருக்கிறேன் என்றால் ஒன்று செய். பூச்சி வேண்டாம், உன் கண்ணை எடுத்து அனுப்பு. நம் கண் கறுப்பு, பாப்பா தனியாகத் தெரியாது. அதனால் நான் சொல்வது போல எடு. வெயிலில் எடுக்காதே, வெயிலில் எல்லோருக்கும் பாப்பா சுருங்கும். டார்ச்சும் வேண்டாம். கொட்டாய்க்குள் நிழலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடு. நிழலில் நல்ல கண்ணாக இருந்தால் பாப்பா மிளகு அளவு விரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் இனி உன்னை நச்சரிக்க மாட்டேன், சத்தியம்.

இடது கண்ணை எடு. ஏன் என்று கேட்காதே.

தீபாவளிக்கு வர முடியாது, அடுத்த நாளே செய்முறைத் தேர்வு. வளைகாப்புக்குக் கண்டிப்பாக வருவேன்.

எழில்


வெள்ளிமலை,
9 நவம்பர் 2025

அன்புத் தங்கை எழிலுக்கு,

நாங்கள் நலமே. தேர்வில் நீ முதலாவதாக வருவாய் என்று அய்யாவிடம் கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நீ கேட்ட கண் உள்ளே இருக்கிறது. இடது கண். நிழலில்தான் எடுத்தது. இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது பார். கை நடுங்குகிறவன் எடுத்தால் இப்படி வருமா? இப்போதாவது என்னை விட்டுவிட்டுப் பாடத்தைப் படி.

கார்த்திகையில் வளைகாப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம். மலர் பச்சை வளையல்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இன்னொரு கூத்து கேள். பட்டப்பகலில் கொட்டாய் இருட்டாக இருக்கிறதாம் அவளுக்கு. "சன்னல் வெச்சுக் குடுங்க, அரிசியில கல்லு பொறுக்க முடியல" என்கிறாள். ஓலைக் கொட்டாய்க்குச் சன்னல் கேட்ட மகாராணி இவள்தான். ஓலையை விலக்கிக் கொடுத்தேன், அப்போதும் இருட்டு என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


சேலம்,
15 நவம்பர் 2025

அண்ணா,

என் சுகத்தை எழுத நேரமில்லை. நீ இதைப் படிக்கும்போது அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு இப்போதே கூட்டிக்கொண்டு போ.

இது உன் கண் இல்லை. படத்தைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. உன் இடது கண்ணில் கறுவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது, நொய்யரிசி அளவு. அதை வைத்தது நான். அப்போது எனக்கு ஐந்து வயது. நீ எனக்காகத் தும்பி பிடித்து வாலில் நூல் கட்டிக்கொண்டிருந்தாய். சீக்கிரம் கொடு என்று கையிலிருந்த தென்னங்குச்சியை ஆட்டினேன், கண்ணில் குத்திவிட்டது. ரத்தம் வந்தது. அம்மாவிடம் நீ கருவேல முள் என்றாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதினாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதனால்தான் இடது கண்ணைக் கேட்டேன். நீ பொய் சொல்வாய் என்று தெரியும். எனக்காகப் பொய் சொல்லிப் பழகியவன் நீ.

உன்னைத் திட்டுவதற்காகப் படத்தை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் பாப்பாவைப் பார்த்தேன். நிழலில் எடுத்தேன் என்கிறாய். அது குண்டூசி முனை.

அது அண்ணியின் கண். உன் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அது மசக்கை இல்லை அண்ணா. எச்சில், வாந்தி, பகலில் இருட்டு, எல்லாம் மருந்து. ஆகஸ்டில் அந்த விவசாயியைப் பற்றி எழுதும்போது எச்சில், வாந்தி என்று என் கையால்தான் எழுதினேன். அதே தாளில் அண்ணிக்கு எலுமிச்சம்பழம் கொடு என்றும் எழுதினேன். உன் கை நடுங்குவதை அண்ணி எனக்கு ரகசியமாகச் சொன்னார்கள். அளப்பதும் கலக்குவதும் தான்தான் என்றும் சொன்னார்கள். நான் உன் கையை மட்டும்தான் படித்தேன். அண்ணியை உன் கூடவே வைத்துக்கொள் என்று நானே எழுதினேன். நல்ல நர்ஸ் நான்.

வார்டன் காலில் விழாத குறையாகப் போன் வாங்கினேன். உனக்கு அடித்தால் கிடைக்கவில்லை. படத்தைத் திருப்பினேன், சிவசங்கர் அண்ணனின் நம்பர் இருந்தது. விஷயத்தைச் சொல்லும்போதே கடையைப் பூட்டும் சத்தம் கேட்டது. வண்டியில் மலையேறிக்கொண்டிருக்கிறார், இதையெல்லாம் அவரிடமும் சொல்லியிருக்கிறேன். அண்ணி கட்டியிருக்கும் புடவையை மாற்று, சோப்புப் போட்டுக் கையும் தலையும் கழுவு, மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போ, டாக்டர் கேட்பார். மசக்கை என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

நான் காலை பஸ்ஸுக்கு வருகிறேன்.

எழில்


கள்ளக்குறிச்சி,
4 டிசம்பர் 2025

அன்புத் தங்கை எழிலுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சிவசங்கர் சொன்னான். இங்கே டவர் இருக்கிறது, உன் போன் கூட ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். ஆனாலும் இதைப் பேச வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று கார்த்திகை தீபம். ஆஸ்பத்திரிச் சன்னலிலிருந்து எதிர்வீட்டு மாடியில் விளக்கு வரிசை தெரிந்தது. எத்தனை விளக்கு என்று மலரைக் கேட்டேன். சரியாக எண்ணிவிட்டாள். கண் தெளிந்துவிட்டது. எச்சில் நின்றுவிட்டது, வாந்தியும் இல்லை. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு உள்ள வளர்ச்சி இல்லையாம். இன்னும் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பத்து நாளுக்கு அப்புறம் என்ன என்று கேட்டேன், அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வயிற்றில் அசைவு வந்தால் மலர் என் கையைப் பிடித்து வைக்கிறாள். சில நேரம் அசைந்தது குழந்தையா என் கையா என்று தெரிவதில்லை.

நீ இங்கே இருந்த இரண்டு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஞ்சி வைத்தாய், மருந்துச் சீட்டு வாங்கினாய், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் என் கண்ணைத்தான் எடுத்தேன். பதினேழு தடவை எடுத்தேன். ஒன்று கூட நிற்கவில்லை, எல்லாம் புகை. போனைத் தூக்கி எறியப் போனேன். மலர்தான் வாங்கிக்கொண்டு, "உங்க தங்கச்சி பாவம், அழுதுக்கினு இருக்கும். என் கண்ண அனுப்புங்க, அதுக்குத் தெரியவா போவுது"ன்னு சொன்னாள். தானே வாசல் பக்கம் உட்கார்ந்து தன் கண்ணைத் தானே எடுத்தாள். அன்று காலைதான் இரண்டு டிரம் கலக்கியிருந்தாள். நான் பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தேன் எழில். பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று நீ அத்தனை விவரமாக எழுதியிருந்தாய். நான் படம் ஆடாமல் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். நல்ல படம் என்று சந்தோஷப்பட்டேன். பூச்சிக்குக் காலில் எத்தனை ரோமம் என்று உனக்குச் சொன்னவன் நான்.

அய்யா வந்து பார்த்தார். பருத்தி இன்னும் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஸ்பிரேயரை அவர் வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

தழும்பு விஷயம் எனக்கு நினைவே இல்லை. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம், நான் அதைக் கவனித்ததே கிடையாது. மலரிடம் கேட்டேன். "கண்ணாலம் ஆன மறுநாளே பாத்தேனே, இன்னான்னு கேட்டா முள்ளுன்னீங்க" என்றாள். அவளிடமும் முள் என்றுதான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. நீ அதை மனசில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்தாய் என்றால் நான் என்ன அண்ணன்?

உள்ளே ஒரு படம் இருக்கிறது. இது என் கண், இடதுதான். வெளிச்சத்துக்கு எதிரே தலையணை ஓரம் நான் குனிந்து நிற்க, மலர் படுத்தபடியே எடுத்தாள். அவள் கைதான் ஆடாத கை என்று கொடுத்தேன். ஒன்பது தடவை எடுத்தாள். ஒன்பதும் ஆடிவிட்டது. இது கடைசிப் படம், இதைத்தான் சிவசங்கர் அச்சுப் போட்டான். கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கிறது, பாப்பா எது, தழும்பு எது என்று எனக்குப் புரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

மலர் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். பச்சை வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது நீதான் போட்டுவிட வேண்டும்.

உன் அண்ணன்,
தெய்வசிகாமணி